சீட்டம்மா லாரியில் ஏறினாள்

தொலைதூரப் பேருந்தில் ஏறி, சீட்டைச் சாய்த்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவர்கள் யாரும் அந்த சீட்டைத் தைத்தது யார் என்று யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. யோசித்திருந்தால் ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். அதைத் தைத்தவள் அதே பேருந்தில் அடுத்த நிறுத்தம் வரைகூடப் போகமாட்டாள்.

பேருந்துகளுக்குக் கூடு, அதாவது பாடி, கட்டும் பட்டறையில் அவளுக்கு வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் சீட்டம்மா. ரெக்ஸின் சுருளை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டி, தைத்து, ஸ்பாஞ்சின் மேல் இழுத்து மாட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது. தைத்து முடித்ததும் ஒவ்வொரு சீட்டிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பாள். கொட்டகை நடுவே, சக்கரமே பூட்டாத கூட்டுக்குள், அவள் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்தால் உலகம் சுற்றப் புறப்பட்டவள் என்றுதான் நினைப்பார்கள்.

வண்டி நிற்கிறவரைக்கும்தான் அந்த அழகு. அசைந்தால் போச்சு. முதலில் காதுக்குப் பின்னால் வியர்க்கும். அடுத்து வாயில் தண்ணீர் ஊறும். அதற்கப்புறம் ஊரில் உள்ள வாசனைகள் எல்லாம் ஒன்றுகூடி மூக்கின் மேல் வந்து உட்காரும். அதற்கும் அப்புறம் நடப்பதை விவரித்தால் கேட்கிறவர்களுக்கும் வரும் என்பதால் விட்டுவிடலாம். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாதியை அவள் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் லாரி டிரைவர். இந்த இருவரையும் சேர்த்துவைத்த புண்ணியவான் யாரோ, அவருக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம். கல்யாணமான புதிதில் இருவரும் பேருந்தில் போனபோது அவருடைய புதுச் சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட்டாள். அவர் சட்டையைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் அலசி, ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு, "காத்துல காய்ஞ்சிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மனுஷனோடு ஆயுசு முழுக்க இருந்துவிடலாம் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். ஆனால் எங்கே இருந்தாள்? அவர் ரோட்டில் இருந்தார், அவள் வீட்டில் இருந்தாள். நடுவில் மகள் ஒருத்தி வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வெளியூர் போனாள்.

மகள் போன பிறகு ஒரு சாயங்காலம், அவர் லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள்: "வீடு ரொம்பப் பெருசா இருக்குங்க." இரண்டே அறைகள் உள்ள வீடு அது. அவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த முறை வந்தபோது குண்டைத் தூக்கிப் போட்டார். "முதலாளிகிட்ட பேசிட்டேன். குடோன்ல கேட் வேலை காலியா இருக்காம். வண்டியை விட்டுட்டு அங்க உக்காந்துடலாம்னு இருக்கேன். இன்னும் ஒரே ஒரு நீள டிரிப். போயிட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. லீவு நாட்களில் அவரைப் பார்த்தவள் அவள்தானே? கட்டிலில் படுத்தால் புரண்டுகொண்டே இருப்பார். வாசலில் நிற்கும் லாரியில் போய்ப் படுத்தால் குறட்டை தெருமுனை வரை கேட்கும். டிவி பார்க்கும்போது திரையில் ஏதாவது குறுக்கே ஓடினால் வலது கால் பிரேக்கை அழுத்தும். இந்த மனுஷனைக் கொண்டுபோய் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் காற்று இறங்கின டயர்தான். யாருக்காக? ஒரு வாய் தவறி வந்த பேச்சுக்காக. அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

"நானும் வரேன்" என்றாள்.

"எங்க?"

"இந்த டிரிப்புக்கு. உங்க கூட. லாரியில."

அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, தெருமுனைக்கு ஆட்டோவில போனாலே உனக்குக் குடலைப் பிடுங்கும். இது போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள்."

"சிரிக்காதீங்க. நான் வந்துட்டேன்னு வைங்க, அப்புறம் வீடு எவ்வளவு பெருசா இருந்தா நமக்கென்ன? நீங்க வண்டியை விடவும் வேணாம். முடியலைன்னா நீங்க கேட்லயே உக்காருங்க, நான் வாயே திறக்க மாட்டேன். திரும்பி வந்து நம்ம வீட்டு வாசல்ல இறங்கின பிறகு முதலாளிக்குப் பதில் சொல்லுங்க."

பந்தயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருவரும் ஒரே பக்கம் ஜெயிக்க ஆசைப்பட்ட பந்தயம்.

சீட்டம்மா காரியத்தில் இறங்கினாள். லாரியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு பெயருக்குத்தான் சீட்டு. உள்ளே ஸ்பிரிங் ஒடிந்து ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். இத்தனை வருஷம் முகம் தெரியாதவர்களுக்குத் தைத்தவள், முதல் தடவையாகத் தனக்குத் தைத்தாள். இருக்கிறதிலேயே மெத்தென்ற ஸ்பாஞ்சை எடுத்து மூன்று அடுக்கு வைத்தாள். வெண்ணெய் நிற ரெக்ஸினில் சதுரம் சதுரமாகத் தையல் ஓட்டினாள். தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று குட்டித் தலையணைகள் வேறு.

பட்டறை மேஸ்திரி வந்து கையால் அழுத்திப் பார்த்தார். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. "இது சீட்டா, தொட்டிலா?" என்றார்.

"உங்களுக்கு வயித்தெரிச்சல்" என்றாள் சீட்டம்மா. உட்கார்ந்து பார்த்தாள். கொட்டகையில், அசையாத தரையில், மேகத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பொழுது விடிகிற நேரத்தில் கிளம்பினார்கள். லோடு, காலிக் கண்ணாடி பாட்டில்கள். அட்டைப்பெட்டிகளுக்குள் வைக்கோல் சுற்றி வைத்திருந்தாலும் வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து மெல்லிய கிணுகிணு சத்தம் வந்தது. யாரோ தூரத்தில் பாத்திரம் கழுவுகிற மாதிரி. பனி இன்னும் விலகவில்லை. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. உயரத்திலிருந்து பார்க்கையில் அவளுக்குத் தெரிந்த தெருவே தெரியாத தெருவாக இருந்தது. பட்டறையின் தகரக் கூரைமேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். இத்தனை நாள் அந்தக் கூரைக்கு அடியில் இருந்தவளுக்குக் கூரை எப்படித் தெரியும்?

ஊர் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் காதுக்குப் பின்னால் வியர்த்தது.

பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. முகர்ந்தாள். இஞ்சித் துண்டு இருந்தது. கடித்தாள். அவசரத்துக்கென்று மடித்துவைத்த பிளாஸ்டிக் பைகள் இருந்தன. அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிற மாதிரி இருந்தால் அவருக்குத் தெரியாது என்று நினைப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைத்ததாம்.

"டயர்ல ஏதோ சத்தம் வருது" என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். லாரிக்காரர்களின் வழக்கம் அது. கம்பியால் டயரைத் தட்டினால் வரும் சத்தத்தை வைத்தே உள்ளே காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். டொம், டொம் என்று அவர் ஒரு பக்கமாகத் தட்டிக்கொண்டு போக, அவள் மறுபக்கம் இறங்கிப் புதருக்குப் பின்னால் ஓடினாள். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, ஒன்றும் நடக்காதவள்போல ஏறி உட்கார்ந்தாள்.

"டயர் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீ?"

"எனக்கென்ன? நல்லாத் தூங்கினேன்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி டயரில் சத்தம். மறுபடி புதர். அன்றைக்கு அந்த லாரியின் டயர்களுக்கு வந்த சந்தேகம் போல எந்த லாரியின் டயர்களுக்கும் வந்திருக்காது. மூன்றாவது தடவை, அவள் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது, தட்டும் சத்தம் எல்லாச் சக்கரங்களையும் சுற்றி வந்து முடிந்தது. பிறகு வேறொரு சத்தம், வண்டிக்கு அடியிலிருந்து, கொஞ்சம் கனமாக. ஸ்டெப்னியைத் தட்டிக்கொண்டிருந்தார். மாற்று டயராகச் சும்மா தொங்குகிற அதில் என்ன சத்தம் வந்துவிடும்? அவளுக்கு நேரம் கொடுப்பதற்காகத் தட்டுகிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவள் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அவரோ முதல் உருண்டையிலேயே கண்டுபிடித்துவிட்டு, காட்டிக்கொள்ளாமல் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை வாந்தியால் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வாந்தி எடுத்து முடித்த பிறகு ஒரு நேரம் வரும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். உடம்பு காலிப் பாத்திரம் மாதிரி லேசாகிவிடும். காது திறந்துகொள்ளும். எல்லா நிறங்களும் யாரோ கழுவிவைத்த மாதிரி தெரியும். அப்படிப்பட்ட கண்ணோடு அவள் பார்த்தபோது, புதருக்கு அந்தப் பக்கம் நிலம் மெதுவாகச் சரிந்து இறங்கியது. கீழே ஒரு பழைய கல்பாலம். பாலம் இருந்ததே தவிர, அதற்கு இந்தப் பக்கமும் சாலை இல்லை, அந்தப் பக்கமும் சாலை இல்லை. அடியில் ஆற்றுக்குப் பதில் நாணல்தான் நின்றது. வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. காற்று வரும்போது நாணல் மொத்தமும் பாலத்துக்கு அடியில் நகர்ந்து போவது போலவும், போகாமல் அங்கேயே நிற்பது போலவும் இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவர் கம்பியோடு பதறி ஓடிவந்தார். அவள் கையைக் காட்டினாள். அவர் பார்த்தார். கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"இது இங்கயா இருக்கு?" என்றார். "தலை நரைக்கிற வரைக்கும் இந்த வழியிலதான் ஓட்டியிருக்கேன். பாத்ததே இல்லை."

"நீங்க எங்க நிறுத்துவீங்க?"

"டீசல் போடுற இடத்துல. டீ குடிக்கிற இடத்துல. இங்க எதுக்கு நிறுத்தப் போறேன்?"

இரண்டு பேரும் கல்லின் மேல் உட்கார்ந்தார்கள். பின்னால் லாரி சூடு தணிகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. அவர் நாணலைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய வலது கால் எதையும் அழுத்தவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றால் அது கதை. இது அவள் வயிறு. இரண்டாம் நாள் சாலை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. வண்டி ஒரு தடவை குலுங்கினால் அவளுக்குள் நான்கு தடவை குலுங்கியது. வேடிக்கை பார்க்கவும் முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை. டயரைத் தட்டித் தட்டி டிரைவருக்குக் கை வலித்தது. மத்தியானம் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது அவள் படியில் இறங்கி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலைங்க" என்றாள். "நீங்க கேட் வேலைக்கே போயிடுங்க. நான் தோத்துட்டேன்."

அவர் குந்தி உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார். "அதுல என்ன இருக்கு? கேட்லயும் லாரிதானே வரும், போகும். பாத்துட்டு இருக்கலாம்."

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த 'பாத்துட்டு இருக்கலாம்' என்ற வார்த்தை அவளைச் சுட்டது. மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆயுசில் பாதி அதைத்தானே செய்தாள். அவருக்கு அது வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று மனசு கத்தியது. ஆனால் வயிறு மனசு பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை.

டீக்கடைக்காரர் அந்த இடத்திலிருந்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். டிரைவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். எழுந்து வண்டியில் ஏறிய அவளுக்கு அந்த வெண்ணெய் நிற சீட்டைப் பார்த்தாலே குமட்டியது. அதனால் என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் ஸ்பேனர்கள் வைக்கிற மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கடைக்குப் பின்பக்கம் முழுக்கக் குண்டும் குழியும். லாரி ஆடிக்கொண்டே சுற்றி வந்து மரத்தடியில் நின்றது.

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்குச் சும்மா இருந்தது.

"என்னங்க, இன்னொரு தடவை சுத்துங்க."

"எதுக்கு?"

"சுத்துங்களேன்."

சுற்றினார். பலகையில் இடுப்பு இடித்தது, பல் ஆடியது, அவ்வளவுதான். குழி முடிந்ததும் குலுக்கலும் முடிந்தது. மூன்றாவது தடவை அவள் தன்னுடைய சீட்டில் உட்கார்ந்து சுற்றச் சொன்னாள். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்தார். குழி ஏறி இறங்கியது. வண்டி நின்றது. வண்டி நின்ற பிறகும் அவள் நிற்கவில்லை. மூன்று அடுக்கு ஸ்பாஞ்சும் அவளை மேலே தூக்கி, கீழே இறக்கி, மறுபடி கொஞ்சம் தூக்கி, தாலாட்டிக்கொண்டே இருந்தது. சாலையில் ஒரு குழி என்றால் சீட்டுக்குள் நான்கு குழி.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கான சீட்டு தைத்தவள், ஒன்றைக்கூட ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. பட்டறையில் யாருமே பார்த்ததில்லை. எல்லோரும் கையால் அழுத்துவார்கள், தரையில் வைத்து உட்காருவார்கள், ஆகா என்பார்கள். மற்றவர்களுக்குத் தைத்ததாவது கணக்காக ஒரு அடுக்கோடு நின்றது. தனக்கென்று ஆசை ஆசையாகச் செய்ததில்தான் அளவு தப்பிவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். பட்டறைக்காரி எங்கே போனாலும் அது கூடவே போகும்.

"ஏய், என்ன பண்றே? எவ்வளவு நல்லா இருக்கு அந்தத் தையல்!" என்று டிரைவர் பதறினார்.

"நல்லாத்தான் இருக்கு. அதை வெச்சு என்ன பண்றது?"

மரத்தடியில் சீட்டை இறக்கிப் போட்டுச் சதுரம் சதுரமாகப் பிரித்தாள். முதல் தையலை அறுக்கும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சை உருவி எடுத்தாள். மிச்சமிருந்ததன் அடியில் டீக்கடைக்காரர் கொடுத்த சாக்கை மடித்து இறுக்கி வைத்தாள். ரெக்ஸினை இழுத்து மடக்கிக் கையாலேயே தைத்தாள். அவசரத் தையல், கோணல் மாணல். பட்டறையில் யாராவது இப்படித் தைத்திருந்தால் அவளே தூக்கி எறிந்திருப்பாள். உருவிய ஸ்பாஞ்சையும் குட்டித் தலையணைகளையும் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பெஞ்சின் மேல் போடுவதற்குள் கடை நாய் அதில் ஏறிச் சுருண்டுகொண்டது.

"அதுக்காவது கொடுத்து வெச்சிருக்கே" என்றார் டிரைவர்.

கிளம்பினார்கள். சீட்டு இப்போது சாலையில் இருப்பதை இருக்கிறபடி சொன்னது. கூட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்து மரங்களைப் பார்த்தால் தலை கிறுகிறுத்தது. அவர் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே வந்தார்.

"பட்டறைக்குப் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மிஷின்ல உக்காந்தா தலை சுத்தும்னு சொல்லுவியே. அவங்ககிட்ட என்ன சொல்லுவே?"

"ஊசியைப் பாக்காதே, ஊசிக்கு வரப்போற கோட்டைப் பாருன்னு."

சொல்லி முடித்ததும் இருவரும் சிரித்துவிட்டார்கள். ஊருக்குத்தான் உபதேசம். அவள் நிமிர்ந்து, ஓடுகிற மரங்களை விட்டுவிட்டு, தூரத்தில் சாலை போய் முடிகிற இடத்தைப் பார்த்தாள்.

அங்கே எதுவும் ஓடவில்லை. நீலமாய் ஒரு மேடு நின்றது. மேட்டுக்கு மேல் ஒரு மேகம் நின்றது. சாலையின் நடுவில் போட்ட வெள்ளைக் கோடுகள் விட்டு விட்டுப் போட்ட நூலோட்டம் போல வந்து லாரிக்கு அடியில் புகுந்தன. வெயில் சாய்ந்தது. லாரியின் நிழல் நீண்டு வயல்களின் மேல் படுத்து, வரப்புகளில் மடங்கி, குளம் வந்தால் நனையாமல் தாண்டி, கூடவே வந்தது. நிழலில் இரண்டு தலைகள் தெரிந்தன. அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். வயலில் ஒரு பெரிய கை ஆடியது. பின்னால் பாட்டில்கள் கிணுகிணுத்தன. ஏதோ ஒரு ஊரில் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி போர்வையின் ஒரு முனையை வாயில் கவ்வியபடி லாரியைப் பார்த்தாள். அவள் யாரோ, என்ன பேரோ. அந்தப் போர்வையை மடித்து முடித்தாளா என்று இனிமேல் தெரியவே போவதில்லை. அதை நினைக்க சீட்டம்மாவுக்கு வருத்தமாக இல்லை, விசித்திரமான ஒரு நிம்மதியாக இருந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் முடித்துவைக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டே கடந்து போகலாம்.

இதுக்குத்தான் இந்த மனுஷன் கட்டிலில் தூங்க மாட்டேன் என்கிறாரா?

தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. நினைவுகள் தாமாக வந்தன. மகள் குழந்தையாக மடியில் கிடந்த பாரம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே காய்ந்த அந்தச் சட்டை வந்தது. வெளியே உண்மையாகவே ஒரு வெள்ளைச் சட்டை பறந்து வருவதாக அவளுக்குக் கொஞ்ச நேரம் பட்டது. கண்ணைக் கொட்டிப் பார்த்தாள். கொக்கு.

போய்ச் சேர்ந்த ஊரில் பாட்டில்களை இறக்கினார்கள். திரும்புகையில் ஏற்றினது காகிதச் சுருள்கள். அவை சத்தமே போடவில்லை. அவளுக்குக் கிணுகிணுப்பு இல்லாமல் என்னவோ போல் இருந்தது. வயிறு முழுசாகத் திருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. வளைந்து வளைந்து இறங்கும் இடத்தில் பழைய குணத்தைக் காட்டியது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடி நடிக்கவில்லை. "வருது, நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார். எடுத்தாள், கழுவினாள், நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். பையிலிருந்த கடைசிப் பழம் அங்கே தீர்ந்ததால் அந்த இடத்துக்கு "கடைசி எலுமிச்சை" என்று பெயர் வைத்தார்கள். போகும்போது நின்ற இடங்களுக்கும் பெயர் கிடைத்தது. "நாய் சிம்மாசனம்" வந்தபோது நாய் ஸ்பாஞ்சின் மேலேயே இருந்தது. அவர்களைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடியது. டீக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாயங்கால வெயிலில், முன்னால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவள், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள்.

அவர் சட்டென்று ஓரங்கட்டினார். "வருதா?"

"இல்லை."

"பின்னே?"

"சும்மாதான். பாலம்."

அவர் என்ஜினை அணைத்தார். நாணல்பூ கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அன்றைக்குக் கம்பி சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

அன்றிரவு வழியிலேயே படுத்தெழுந்து, அடுத்த நாள் காலையில் ஊர் எல்லையைத் தொட்டார்கள். காகிதத்தை அச்சகத்தில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். இளம் வெயில் மடியில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இது பூனைத் தூக்கம் இல்லை. நல்ல வெயில், நல்ல காற்று, கோணல் தையல் போட்ட சீட்டு. உடம்பு தூங்கியது, காது மட்டும் விழித்திருந்தது.

வேகத்தடை ஒன்று வந்தது, பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பது. அப்புறம் பள்ளிக்கூடத்து மணி. இனி இடப்பக்கம் திரும்பினால் வீடு. இன்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. லாரி மெதுவானது. அவர் தன்னைப் பார்ப்பதை மூடிய கண் வழியாகவே அவள் உணர்ந்தாள். ஓடுகிற வண்டியில் அவள் நிஜமாகத் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

டிக் டிக் நின்றது. லாரி நேராகப் போனது.

அவளுக்குத் தெரிந்த ஊர்தான், தெரியாதா என்ன? மார்க்கெட்டுச் சத்தம் வந்தது, போனது. மரக்கடையில் ரம்பம் வந்தது, போனது. சுற்றுச்சாலையில் ஏறிவிட்டார். முதலாளியின் டீசலை இப்படி ஊதாரித்தனமாக அவர் ஒருநாளும் செலவழித்ததில்லை. ஒரு சுற்று முடிந்து மறுபடி வேகத்தடை, மறுபடி பள்ளிக்கூடம், இப்போது பிள்ளைகள் ஒரே குரலில் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி இன்டிகேட்டர். மறுபடி அது நின்றது. அவள் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு கிடந்தாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

போன் அடித்தது. அவர் அவசரமாக எடுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லுங்க முதலாளி... ஆமாங்க, அச்சகத்துல இறக்கியாச்சு... இல்லைங்க, இன்னும் வீடு வரலை. வந்த பிறகு சொல்றேன்னுதானே சொன்னேன்... எங்க இருக்கேனா?" கொஞ்சம் தயங்கினார். "சுத்திக்கிட்டு இருக்கேங்க. வீட்டம்மா தூங்கறாங்க. எழுப்ப மனசு வரலை."

அந்தப் பக்கம் முதலாளி என்ன சொன்னாரோ தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே சீட்டம்மா சொன்னாள்:

"அடுத்த லோடு எங்கேன்னு கேளுங்க."

"அப்புறம் பேசறேங்க" என்ற குரல் மட்டும் கேட்டது. லாரி மெல்ல ஓரம் போய் நின்றது. அவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"டயர்ல ஏதோ சத்தம்" என்றார். குரல் அவருடைய குரலாகவே இல்லை.

"பாத்துட்டு வாங்க" என்றாள் அவள். "மெதுவாவே வாங்க."

கதவு திறந்து மூடியது. டொம், டொம் என்று சத்தம் ஒரு பக்கமாகப் போய், பின்னால் சுற்றி, மறுபக்கம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாச் சக்கரமும் முடிந்தது. அவர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். பிறகு ஸ்டெப்னியைத் தட்டும் சத்தம் கேட்டது.